புல் வெட்டும் மெஷினுக்கு ஓய்வுக் காலம்: பெற்றோலை வடிப்பதா, மருந்து கலந்து நிரப்பி வைப்பதா?

புல் வெட்டும் மெஷினைக் குளிர்காலத்துக்கு எப்படிப் பூட்டி வைப்பது என்று வெளிநாட்டு விளக்கங்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் நாலைந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு முற்றம் இருக்கும். நமக்கு அது இல்லை. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியா ரேஸ் கோர்ஸ் புல் சில நாள் வெள்ளையாக உறைந்து கிடப்பதும், வெயில் ஏறியதும் அது கருகிப் போவதும்தான் நாம் காணும் உறைபனி. ஆனாலும் மெஷின் சும்மா கிடக்கும் மாதங்கள் மலையகத்திலும் உண்டு. அந்த மாதங்கள் முடிந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, "அண்ணே, பத்த மாட்டேங்குது" என்று கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. காரணம் பெரும்பாலும் டேங்கில் விட்டுவைத்த பழைய பெற்றோல்தான்.

எந்த மாதம் ஓய்வு என்பது மலையின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற சரிவு. அங்கே ஜனவரி தொடங்கி மார்ச் வரை வரட்சி. புல்லும் வளராது, வெட்டவும் வேலை இருக்காது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பெருமழை வடகிழக்கில் இருந்து வரும். அங்கே ஜூன் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை காற்றும் வெயிலும்தான். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற அதே காய்ந்த காற்று முற்றத்துப் புல்லையும் காய வைத்துவிடும். வட்டவளை, கினிகத்தேனைக்காரர்களுக்கு இரண்டு ஓய்வு. வரட்சியில் ஒன்று. ஜூன், ஜூலையில் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றாலும் மழை விடாததால் மெஷினை வெளியே எடுக்க முடியாமல் போவது மற்றது.

ஆக, நமது ஓய்வு இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. எந்த வழி சரி என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. ஐந்து மாதத்துக்கு எழுதிய வைத்தியத்தை அப்படியே எடுக்கத் தேவையில்லை. இரண்டு மாதம்தானே என்று மூலையில் சாத்திவிடவும் முடியாது.

ஏன் முடியாது? பெற்றோல் ஒரே பொருள் இல்லை, பல திரவங்களின் கலவை. அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்ற வைக்கிறது. டேங்க் காற்று வாங்குவதற்கு ஒரு சிறு வழி இருக்கும். அதன் ஊடாக முதலில் கிளம்பிப் போவதும் அதே பகுதிதான். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஒட்சியேறி, பலாப்பால் மாதிரி ஒட்டுகிற பிசினாக மாறும். அது டேங்கில் இருந்தால் பெரிய நட்டமில்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேட்டருக்குள் இருக்கும் துளைகளோ ஊசி முனை அளவு. அங்கே கொஞ்சம் பிசின் படிந்தாலே போதும், கதை முடிந்தது. சிறிய எஞ்சின் செய்கிற கம்பனிகள் பலவும் பெற்றோலுக்கு 30 நாள் என்ற கணக்கையே சொல்கின்றன. நிரம்பிய கலனில், இறுக்கிய மூடியோடு, நிழலில் இருந்தால் அதைவிடத் தாங்கும். கால்வாசி டேங்காக இஸ்தோப்பு வெயிலில் கிடந்தால் அந்த 30 நாளும் சந்தேகம்.

மலைக்கு இன்னொரு தொல்லை, ஈரம். பகலில் சூடு, இரவில் குளிர். பாதி காலியான டேங்க் பகலில் காற்றை வெளியே தள்ளி, இரவில் பனிமூட்டத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டேங்க்ச் சுவரில் வியர்த்து, சொட்டாகி, அடிக்குப் போகும். தண்ணீர் பெற்றோலை விடக் கனமானது அல்லவா. பெற்றோலை உறிஞ்சும் குழாயின் ஃபில்டரும் அங்கேதான் கிடக்கிறது.

வெளிநாட்டு விளக்கங்கள் அதிகம் பயப்படுவது எத்தனாலுக்கு. அமெரிக்காவில் சாதாரண பெற்றோலில் 10 வீதம் எத்தனால். இந்தியாவில் அது 20 வீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். நம் கையில் இருக்கும் பெற்றோலில் அது இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் தண்ணீரும் அதைப்போல் சில மடங்கு பெற்றோலும் விட்டு, மூடிக் குலுக்கி, அப்படியே வையுங்கள். அடியில் தங்கும் தண்ணீர் மட்டம் முதல் இருந்ததைவிட உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது. அப்படியே இருந்தால் இல்லை. இதை வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக வைத்துச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லைதானே.

சரி, வழிகளுக்கு வருவோம். உண்மையில் மூன்று வழிகள்: வடித்துக் காய வைப்பது, பழுதாகாமல் காக்கும் மருந்து கலந்து டேங்கை நிரப்பி வைப்பது, அப்படியே விட்டு இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணுவது. நம்மில் பெரும்பாலானோருக்கு முதல் வழிதான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன். யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வடிக்கும் வழியில் செலவு கிடையாது. தோளில் மாட்டும் மெஷினின் டேங்க் ஒரு லீற்றர் அளவு. அதில் மிஞ்சிக் கிடப்பது எவ்வளவுதான் இருந்துவிடப் போகிறது? திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, புனல் வைத்துக் கலனில் ஊற்றிக்கொள்ளுங்கள். டேங்க் காலியானதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கெடுதல் செய்வது டேங்கில் இருப்பது இல்லை, காபரேட்டருக்குள் தங்கியிருக்கும் அந்தக் கொஞ்சம்தான். ஆகவே மூடியைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். மெதுவான ஓட்டத்திலேயே விடுங்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடுதான் ஓயிலும் வருகிறது. பெற்றோல் தீரும்போது ஓயிலும் தீரும். அந்த நேரத்தில் எக்ஸலேற்றரை அழுத்திப் பிடித்தால் பிஸ்டனுக்குக் கேடு. நின்றதும் சோக் போட்டு இன்னும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தால் மிச்சமும் போய்விடும்.

பங்களா, ஹோட்டல் புல்தரைகளில் தள்ளிக்கொண்டு போகும் நாலு சக்கர மெஷினின் காபரேட்டர் வேறு வகை. அதில் மிதவை உள்ள ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். பெற்றோல் குழாயின் திறப்பை மூடி ஓட விட்டால் கிண்ணம் ஓரளவு வற்றும், முழுசாக வற்றாது. கிண்ணத்தின் அடியில் வடிகட்டும் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி அடியில் தேங்கியதையும் எடுத்துவிட வேண்டும். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த வழிக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. தோளில் மாட்டும் மெஷினின் காபரேட்டரில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று மேலும் கீழும் அசைந்து வேலை செய்கிறது. அது பெற்றோல் படாமல் மாதக் கணக்கில் காய்ந்தால் விறைத்துப்போகும் என்கிறார்கள் சில மெக்கானிக்குகள். விறைத்த சவ்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த மாதிரி மெஷின்கள் செய்கிற ஸ்டில் கம்பனியின் கையேடுகளில் நீண்ட ஓய்வுக்கு டேங்கை வடித்து, காபரேட்டர் காயும் வரை ஓட விடச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று காரணமும் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் எடை போட்டால் எனக்குப் படுவது இதுதான்: இரண்டு மூன்று மாதம் காய்ந்து சவ்வு விறைப்பதைவிட, அதே காலத்தில் பெற்றோல் பிசினாவதற்கே வாய்ப்பு அதிகம். விறைத்த சவ்வை மாற்றுவதும் அடைத்த துளைகளைச் சுத்தம் செய்வதைவிடச் சின்ன வேலை. ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கப் போகிற மெஷின் என்றால் வாதம் கொஞ்சம் பலக்கும்.

இரண்டாவது வழி மருந்து. எரிபொருள் ஸ்டெபிலைசர் என்று சின்னப் போத்தல்களில் வரும். ஒட்சியேற்றத்தை மெதுவாக்கும் பொருட்கள்தான் அதில் முக்கியம். போத்தலில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நமக்குத் தேவை மூன்று மாதம், ஆகவே அந்த எண்களில் மயங்க வேண்டியதில்லை. கெட்ட பெற்றோலை இது திருப்பி நல்லதாக்காது என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பெற்றோல் செட்டில் இருந்து வாங்கி வந்த அன்றைக்கே, புதுப் பெற்றோலில் கலக்க வேண்டும். கலந்த பிறகு பத்து நிமிடமாவது எஞ்சினை ஓட்டினால்தான் மருந்து சேர்ந்த பெற்றோல் காபரேட்டர் வரை போகும். அப்புறம் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், ஈரக் காற்றுக்கு இடம் இல்லாமல். நிரப்புவது என்றால் கழுத்து வரை இல்லை. சூட்டில் பெற்றோல் விரியும், ஒரு விரல் இடம் விடுங்கள்.

இது யாருக்கு நல்லது? இரும்பு டேங்க் உள்ள பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. காலி இரும்பு டேங்க் நம் ஈரத்தில் உள்ளே துருப்பிடிக்கும். நிரம்பிய டேங்க் துருப்பிடிக்க வாய்ப்புக் குறைவு. அதேபோல் தீயணைப்புக் கருவியும் தனி ஸ்டோரும் உள்ள ஹோட்டல், பாடசாலை, மைதானம் பராமரிப்பவர்களுக்கு. திடீரென்று பிரமுகர் வருகிறார், நாளைக் காலைக்குள் புல் வெட்ட வேண்டும் என்று உத்தரவு வரக்கூடிய இடங்கள் அவை. இரண்டு அறை வீட்டில் ஒரு மெஷினோடு இருப்பவருக்கு ஸ்டெபிலைசர் தேடி அலைவதும், அதற்குச் சல்லி கொடுப்பதும், நிரம்பிய பெற்றோல் டேங்கோடு மூன்று மாதம் குடித்தனம் நடத்துவதும் கட்டுப்படியாகாது.

மூன்றாவது வழி மாதம் ஒருமுறை கயிற்றை இழுத்து, அரை நிமிடம் உறும விட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப மூலையில் வைப்பது. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். எனக்கு இந்தப் பழக்கத்தில் நம்பிக்கை இல்லை. பெற்றோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது புகையோடு வெளியேறும். அரை நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் அது தண்ணீராகத் தங்கும். பிளக்கில் கரி படியும். டேங்கில் கிடப்பதும் அதே பழைய பெற்றோல்தான், ஒரு மாதம் வயது கூடியிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணத்தான் வேண்டும் என்றால் வேலியோரத்தில் நிற்பதையாவது பத்து நிமிடம் வெட்டிவிட்டு வையுங்கள். மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை அப்படி உண்மையாகவே வெட்ட வேலை இருப்பவர் புதுப் பெற்றோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஓட்டிக்கொண்டே போகலாம். அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஓயில் கலந்த பெற்றோல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் மெஷின்களில் சில 50:1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஓயில் கேட்கும். மலிவு மெஷின்கள் பலவற்றில் 25:1 என்று ஒட்டியிருக்கும், லீற்றருக்கு 40. எதுவானாலும் கலந்ததை 30 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நாள்பட்டதைப் பாவித்தே ஆக வேண்டும் என்றால் கலனை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். ஓய்வுக் காலம் நெருங்குகிறது என்றால் ஒரு நேரத்துக்கு அரை லீற்றர் மட்டும் கலந்தால் மிஞ்சுவதற்கே ஒன்றும் இருக்காது. இதைத்தான் நான் எல்லா மருந்தையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். கலக்காத சுத்தப் பெற்றோல் மிஞ்சினால் ஒரு கிழமைக்குள் மோட்டார் சைக்கிளிலோ ஆட்டோவிலோ ஊற்றித் தீர்த்துவிடலாம். மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம்: புல் மெஷின் ஓய்வெடுக்கும் வரட்சியில்தான் தண்ணீர் பம்ப் வேலை செய்யும். ஓயில் கலந்ததை மட்டும், ஓயிலைத் தனியாக விடுகிற ஃபோர்-ஸ்ட்ரோக் பம்பில் ஊற்ற வேண்டாம்.

95 ஒக்டேன் வாங்கினால் நாள்பட நிற்குமா என்று கேட்கிறார்கள். ஒக்டேன் எண் எஞ்சினில் பெற்றோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்குவதைச் சொல்வது. எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதை அது சொல்லாது. 92 போதும். இன்னொன்று: நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கடல்மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரி பார்த்து அனுப்பிய காபரேட்டர் இங்கே காற்றுக்குப் பொருத்தமில்லாமல் பெற்றோலை அதிகம் விடும். பிளக் கறுப்பாகும், புகை வரும். ஓய்வுக்கு வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி அப்பியிருந்தால் பெற்றோலைக் குறை சொல்வதற்கு முன் காபரேட்டரைச் சரிபார்க்கக் கொடுப்பது நல்லது.

இனி, மிஞ்சிய பெற்றோலை எங்கே வைப்பது? 2022 நெருக்கடியில் செட்டுகளில் கலனுக்கு அடிப்பதை நிறுத்தியபோது, கிடைத்ததைப் போத்தல் போத்தலாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. வரிசை போய்விட்டது, பழக்கம் சில வீடுகளில் போகவில்லை. லயத்துக் காம்பராவில் பெற்றோல் வைப்பதற்கு இடமே இல்லை என்பதுதான் நேரான பதில். விறகு அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். குளிரான ஊர், பற்றாது என்ற எண்ணமும் தப்பு. மைனஸ் 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவியை விடுகிற திரவம் அது. நுவரெலியா உறைபனி அதற்கு ஒன்றுமே இல்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டோடு ஒட்டாத கொட்டில், பெற்றோலுக்கென்றே செய்த கலன், இறுக்கமான மூடி, வாங்கிய திகதி எழுதிய ஒரு துண்டு. தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் வேண்டாம். மெல்லிய போத்தல் நெளியும், வெளிச்சம் உள்ளே போகும், தாகத்தில் வருகிற பிள்ளைக்கு அது எலுமிச்சைச் சாறு மாதிரித் தெரியும். பழையதை வடிகானில் ஊற்றுவதும் கூடாது. அந்தக் கான் போய்ச் சேருவது கீழ் டிவிஷன்காரர்களின் பீலித் தண்ணீரில்.

மெஷினின் மற்ற வேலைகள் சுருக்கமாக. புல் ஒட்டிய இடத்தில் ஈரம் நிற்கும், ஆகவே காப்புத் தகட்டின் அடியைச் சுரண்டி எடுங்கள். கத்திக்கு ஓயில் துணியால் ஒரு துடைப்பு. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காய வைத்துப் போடுங்கள். ஹொண்டா ஜீஎக்ஸ்35 மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஓயிலை ஓய்வுக்கு முன்பே மாற்றுங்கள், பிறகு அல்ல. பாவித்த ஓயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் மூன்று மாதம் உள்ளே ஊற வேண்டாம். அதற்குப் பிடிப்பது 100 மில்லிலீற்றர்தான், சுருக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி சுத்தமான ஓயில் விட்டு, துளை மேல் துணியைப் போட்டு, கயிற்றை மெதுவாக நாலு தரம் இழுத்தால் உள்ளே படலமாகப் பரவும். பிளக்கைப் பூட்டி, கயிறு கனக்கும் இடம் வரை இழுத்து அங்கேயே விடுங்கள். மழைப்பக்கத்து ஊர்களில் இந்த ஒரு தேக்கரண்டி பெரிய வேலை செய்யும். சாக்கால் மூடுங்கள், பொலித்தீனால் அல்ல; பொலித்தீன் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பெற்றோல் தொல்லையே வேண்டாம் என்று பெற்றரி மெஷினுக்குப் போகலாமா? வீட்டு முற்றம், கோயில் வாசல் அளவுக்கு நல்ல யோசனைதான். பெற்றரிக்கும் ஓய்வு விதி உண்டு: முழுசாகச் சார்ஜ் ஏற்றியும் வைக்காதீர்கள், முழுசாக இறக்கியும் வைக்காதீர்கள், பாதியளவில் நிறுத்தி, காய்ந்த நிழலில் வையுங்கள். உறைபனி விழுந்த காலையில் கொட்டிலில் கிடந்ததை உடனே சார்ஜரில் போடக் கூடாது. தேயிலை மலையோரத்துச் சரிவில் நாள் முழுக்க வெட்டுகிற கொந்தரப்புக்காரருக்கு இன்றைக்கு இது சரிவராது. அவருக்கு ஓய்வுக் காலமும் குறைவு. ஒரு பக்கம் வரட்சி என்றால் மற்றப் பக்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். வருடத்துக்கு நாலு தரம் மட்டும் புல் வெட்டுகிறவர் மெஷினை விற்றுவிட்டு அந்தக் கொந்தரப்புக்காரரையே கூப்பிடுவது எல்லாவற்றிலும் மலிவு, என்ன, அவர் சொன்ன நாளில் வர வேண்டும்.

வடித்துக் காய வைத்த மெஷினைத் திரும்ப எடுக்கும்போது இரண்டு விஷயம். முதலில் புதுப் பெற்றோல் விட்டு, ரப்பர் குமிழ் இருந்தால் அதில் பெற்றோல் தெரியும் வரை அழுத்துங்கள். காபரேட்டர் வெறுமையாக இருப்பதால் வழக்கத்தைவிடச் சில இழுவை கூடுதலாகவே கேட்கும், அதைப் பார்த்துப் பயந்து சோக்கைப் போட்டபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்துவிடும். பற்றியதும் வெள்ளைப் புகை வரும். அது நீங்கள் விட்ட ஒரு தேக்கரண்டி ஓயில் எரிகிற புகை, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும்.